சர்க்கரையைத் தொடாத பையன்

இமயத்துக்குப் புறப்படும் நம் ஊர் மலையேற்றக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் நம் ஊர் நூலக மாடியில் உங்கள் இமயப் பயணப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினீர்களே, அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் நடத்தியவன். பனியாறு எப்படி ஊர்கிறது, பாறையை எப்படி அரைக்கிறது என்றெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு சரி. ஒன்றையாவது கண்ணால் பார்த்ததில்லை. என் மாணவர்களின் பிள்ளைகள் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. நீங்கள் அதன் மேல் நடந்துவிட்டு வந்து, கண்கள் மின்ன அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றீர்கள். நான் எழுந்து, "கூடாரத்தில் உங்களுக்குச் சமைத்துப் போட்டவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். "பையான்னுதான் சார் கூப்பிட்டோம்" என்றார் உங்களில் ஒருவர். அடுத்த கேள்வி வந்துவிட்டது. கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தோம்.

உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெயர் கேட்க விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். ஆனாலும் அந்தப் 'பையா' வீடு வரைக்கும் என்னோடு வந்தது. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அவர் கையால் அத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறீர்கள். அன்றிரவு எனக்கு ஒரு பழைய மலையேற்றக் கதை ஞாபகம் வந்தது. வகுப்பில் ஒருநாளும் அதை முழுதாகச் சொன்னதில்லை. மணியடித்துவிடும். இங்கே மணி இல்லை, சொல்லிவிடுகிறேன்.

அலாஸ்காவின் நடுவில் டெனாலி என்று ஒரு மலை. வட அமெரிக்காவிலேயே உயர்ந்தது. 2015-இல் அளந்தபோது 20,310 அடி, அதாவது 6,190 மீட்டர். எவரெஸ்டோடு ஒப்பிட்டால் இதென்ன உயரம் என்று தோன்றும். ஆனால் எவரெஸ்ட் ஏற்கெனவே உயர்ந்து கிடக்கும் திபெத்தியப் பீடபூமியின் தோளில் நிற்கிறது. டெனாலி தாழ்ந்த சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் சுமார் 18,000 அடி எழும்புகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அது வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, 63 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. துருவத்தை நெருங்க நெருங்க நம் தலைக்கு மேலுள்ள காற்றுப் போர்வையின் கனம் குறையும். அதனால் இமயத்தில் அதே உயரத்தில் நிற்பவரைவிட டெனாலியின் உச்சியில் நிற்பவருக்கு மூச்சுக்குக் கிடைக்கும் காற்று குறைவு. குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டெனாலி என்பது அங்கே வாழும் கோயுகான் மக்களின் சொல். உயர்ந்தது, நெடிது என்ற பொருளில் வருவது. 1896-இல் தங்கம் தேடி அந்தப் பக்கம் போன வில்லியம் டிக்கி என்பவர், அப்போது அமெரிக்கத் தேர்தலில் நின்றுகொண்டிருந்த வில்லியம் மெக்கின்லியின் பெயரை அதற்கு வைத்தார். மெக்கின்லி அலாஸ்காவில் காலடி வைத்தவரில்லை. ஆனாலும் அந்தப் பெயர் வரைபடங்களில் ஏறிக்கொண்டது. 2015-இல் அமெரிக்க அரசு டெனாலி என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்தது. 2025 ஜனவரியில் மறுபடி மெக்கின்லி என்று மாற்றியது. அலாஸ்காக்காரர்கள் இன்றைக்கும் டெனாலி என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த மலைமேல் ஏறிவிட்டதாக முதலில் சொன்னவர் டாக்டர் ஃப்ரெடரிக் குக். 1906-இல் உச்சியில் எடுத்தது என்று ஒரு படத்தையும் வெளியிட்டார். பெல்மோர் பிரவுன், ஹெர்ஷல் பார்க்கர் என்ற இருவர் 1910-இல் போய்த் தேடி, அந்தப் படத்திலுள்ள பாறையைக் கண்டுபிடித்தார்கள். உச்சியிலிருந்து வெகுதொலைவில் இருந்த ஒரு சின்ன மேடு அது. அதற்குமுன், 1909 டிசம்பரில், நான்கு சுரங்கத் தொழிலாளிகள் கிளம்பியிருந்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் ஊரின் மதுக்கடையில் எழுந்த பந்தயம்தான் தொடக்கம். மலையேற்றப் பயிற்சி அவர்களுக்குக் கிடையாது. அவர்களில் பில்லி டெய்லர், பீட் ஆண்டர்சன் இருவரும் 1910 ஏப்ரல் 3-ஆம் தேதி 14 அடி நீளத் தேவதாரு மரக்கம்பம் ஒன்றைச் சுமந்துபோய், மேலே நட்டுவிட்டு இறங்கினார்கள். டெனாலிக்கு இரண்டு உச்சிகள் உண்டு. அவர்கள் ஏறியது வடக்கு உச்சி. தெற்கு உச்சிதான் சில நூறு அடி கூடுதல். ஆனால் குழுத்தலைவர் டாம் லாய்டு இரண்டிலுமே ஏறியதாக ஊரெல்லாம் சொல்லிவைக்க, உண்மையாக ஏறியவர்களையும் உலகம் நம்பவில்லை.

1912-இல் பிரவுனும் பார்க்கரும் தெற்கு உச்சிக்குச் சில நூறு அடி வரைக்கும் போய், பனிப்புயலில் நிற்க முடியாமல் திரும்பினார்கள். அவர்கள் கீழே வந்து சேர்ந்த சில நாட்களில், ஜூலை 6-ஆம் தேதி, பெரிய நிலநடுக்கம். அவர்கள் ஏறி இறங்கிய பனிமுகடு நொறுங்கிப்போனது. கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் அவர்கள் அதன் மேல் இருந்திருப்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த கதை. 1913.

ஹட்சன் ஸ்டக் லண்டனில் பிறந்தவர், எபிஸ்கோபல் திருச்சபையின் யூகான் பகுதி ஆர்ச்டீக்கன். நாய் பூட்டிய சறுக்குவண்டியில் ஆயிரக்கணக்கான மைல் சுற்றி, பூர்வகுடி ஊர்களில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியவர். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவரோடு ஹாரி கார்ஸ்டன்ஸ்: தங்க வேட்டைக்காக வந்து, பின் பனிக்காட்டில் நாய்வண்டியில் தபால் சுமந்தவர், அந்த நிலத்தின் குணம் தெரிந்தவர். ராபர்ட் டேட்டம்: டென்னசியிலிருந்து வந்த, குருப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர். நான்காவது ஆள் வால்ட்டர் ஹார்ப்பர்.

வால்ட்டருக்கு அப்போது 20 வயது. அப்பா ஆர்தர் ஹார்ப்பர் அயர்லாந்திலிருந்து வந்து தங்கம் தேடியவர், வணிகர். அம்மா ஜென்னி கோயுகான் பெண். மூத்த பிள்ளைகளை அப்பா வெளியூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டார். கடைக்குட்டி வால்ட்டர் மட்டும் அம்மாவிடம் வளர்ந்தார். மீன் பிடிக்க, வேட்டையாட, பனிக்காலணி செய்ய, நாய் பழக்க, எல்லாம் அம்மாவின் மக்களிடம் கற்றது. பேச்சும் அவர்கள் பேச்சு. 16 வயதில்தான் நெனானா மிஷன் பள்ளிக்கு வந்தார். ஸ்டக் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். படகு ஓட்டுவது, வண்டி நடத்துவது, மொழிபெயர்ப்பது என்று ஆர்ச்டீக்கனின் பயணமெல்லாம் வால்ட்டரின் கைகளில்தான் நடந்தது.

நான்கு பேர் என்றுதான் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். ஆனால் 1913 மார்ச் 17 அன்று நெனானாவிலிருந்து கிளம்பியவர்கள் ஆறு பேர். மற்ற இருவரும் அதே மிஷன் பள்ளியில் படித்த பதின்வயதுப் பையன்கள். ஜானி ஃப்ரெட்சன், எசாயாஸ் ஜார்ஜ். நாய்வண்டிகளை நடத்தவும் அடிவார முகாமைப் பார்த்துக்கொள்ளவும் வந்தவர்கள்.

உங்கள் முதுகுப்பையில் எதெது இருந்தது என்று அன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினீர்கள். அவர்களிடம் என்ன இருந்தது என்று கேளுங்கள். நியூயார்க்கிலிருந்து வரவழைத்த பனிக்கோடரிகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்ததால், ஃபேர்பேங்க்ஸில் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். காலில் மாட்டும் இரும்பு முட்சட்டங்களும் அங்கேயே அடித்தவை. மலையேற்றப் பூட்ஸ் அந்தக் குளிருக்குத் தாங்காது என்று, பூர்வகுடிகளின் தோல் பாதணிக்குள் பல அடுக்குக் காலுறை போட்டுக்கொண்டார்கள். அடிவாரத்தில் கரிபூ என்னும் பனிநில மான்களை வேட்டையாடி, இறைச்சியை வேகவைத்துக் கொத்தி, வெண்ணெய் சேர்த்து உருண்டை பிடித்து உறையவைத்தார்கள். மேலே போனபின் அந்த உருண்டையைக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டால் அதுதான் இரவுச் சாப்பாடு. இந்த வேட்டையிலும் சமையலிலும் பையன்கள் இருவருக்கும் முழுப் பங்கு உண்டு. பிறகு எசாயாஸ் ஒரு நாய்க்கூட்டத்தோடு நெனானாவுக்குத் திரும்பினான். ஜானி இருந்துகொண்டான்.

டெனாலியின் முல்ட்ரோ பனியாற்றின் மேல் சுமைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு விபத்து. பாதி வழியில் சாமான்களைக் குவித்துவைத்திருந்த இடத்தில், புகைக்குழாய் பற்றவைத்த தீக்குச்சி ஒன்று அணையாமல் விழுந்திருக்கிறது. அடுத்த சுமைக்காக அவர்கள் கீழே இறங்கியிருந்த வேளையில் எல்லாம் பற்றிக்கொண்டது. கூடாரத் துணி, கம்பளிக் காலுறை, கையுறை, புகைப்படச் சுருள், உலர்ந்த பழம், பால் பவுடர், சர்க்கரை. அத்தனை சர்க்கரையும். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பனியாக இருக்கும் இடத்தில் நெருப்பால் நஷ்டம். வண்டியை மூடும் தார்ப்பாயைத் தைத்துக் கூடாரமாக்கினார்கள். கிடைத்த துணியில் காலுறையும் கையுறையும் தைத்தார்கள். துணிக்கு மாற்று உண்டு, சர்க்கரைக்குக் கிடையாது. கடுங்குளிரில் பாடுபடும் உடம்பு இனிப்புக்கு எப்படி ஏங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நான்காம் நாளே கடலைமிட்டாய் தீர்ந்துபோய்த் தவித்தோம் என்று சொன்னவர்கள் நீங்கள்.

அதற்குமேல் நாய்களால் போக முடியாது. ஜானி நாய்களோடு அடிவார முகாமில் தங்குவது என்று முடிவானது. இரண்டு வாரத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு நால்வரும் மேலே போனார்கள்.

போய்ப் பார்த்தால், பிரவுனின் படங்களில் சீராகத் தெரிந்த பனிமுகட்டைக் காணோம். நிலநடுக்கம் அதை உடைத்து, வீடுவீடாகப் பனிப்பாளங்களைக் கத்திமுனை போன்ற விளிம்பில் குவித்துவைத்திருந்தது. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான அடிப் பள்ளம். சுமார் மூன்று மைல் நீளம் படி வெட்டிக்கொண்டே போனார்கள். மூன்று வாரம் பிடித்தது. கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் கார்ஸ்டன்ஸும் வால்ட்டரும்தான். வெட்டிய படி ராத்திரிப் பனியில் மூடிக்கொள்ளும். காலையில் தோண்டியெடுத்து அதற்கு மேல் வெட்ட வேண்டும். பிறகு அதே படிகளில் திரும்பத் திரும்பச் சுமை தூக்க வேண்டும். புயல் அடிக்கும் நாட்களில் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடக்கும்போது ஸ்டக் வால்ட்டருக்குப் பாடம் நடத்தினார். சொல்வதெழுதுதல், வாசிப்பு, கணக்கு. வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். காலையெல்லாம் பனியில் படி வெட்டி மரத்துப்போன கை, பென்சில் பிடித்து எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறது.

முகட்டைத் தாண்டினால் இரண்டு உச்சிகளுக்கும் இடையே பெரிய பனிப்பள்ளம். அங்கே போனபோது வால்ட்டர்தான் முதலில் கத்தினார்: அதோ கம்பம்! வடக்கு உச்சியை ஒட்டி, வானத்தைக் குத்திக்கொண்டு, மூன்று ஆண்டுக்கு முன் அந்தச் சுரங்கத் தொழிலாளிகள் நட்ட மரக்கம்பம் நின்றுகொண்டிருந்தது. தொலைநோக்கியில் எல்லோரும் பார்த்தார்கள். ஊரே பொய்யர்கள் என்று சொன்ன இருவரின் உழைப்புக்கு அந்தக் கணத்தில் சாட்சி கிடைத்தது. கண்டதைக் கண்டபடி ஸ்டக் எழுதினார். சாட்சி சொல்ல ஒருவர் இருந்தால்தான் மலையில் செய்ததற்கு மதிப்பு. இல்லையென்றால் பனி மூடிவிடும்.

1913 ஜூன் 7. சுமார் 18,000 அடியில் கடைசிக் கூடாரம். அந்த உயரத்தில் தண்ணீர் எண்பத்துச் சொச்சம் பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும்; எவ்வளவு நேரம் கொதித்தாலும் எதுவும் ஒழுங்காக வேகாது. நால்வரில் வால்ட்டர் ஒருவர்தான் அன்றைக்கு முழுத் தெம்போடு இருந்தார். வெயில் அடித்தது, ஆனால் குளிர் எலும்பைக் குடைந்தது. காலையிலிருந்து கயிற்றின் முனையில் முன்னே போனவர் வால்ட்டர். ஸ்டக் சில அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். கனமான பாதரச அழுத்தமானியை அவரிடமிருந்து வாங்கி வால்ட்டர் சுமந்தார். பிற்பகலில், கடைசி மேட்டின் மேல் முதலில் ஏறிக் கால்பதித்தவர் வால்ட்டர் ஹார்ப்பர். ஸ்டக்கைக் கடைசியாக இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது; ஏறியதும் கணநேரம் நினைவிழந்து விழுந்தார். தெளிந்தபின் நால்வரும் கைகுலுக்கி, ஜெபம் செய்து, கருவிகளை எடுத்து அளவு குறித்துக்கொண்டார்கள். டேட்டம் கைக்குட்டைத் துணிகளைத் தைத்துச் செய்து வைத்திருந்த சின்னக் கொடி பறந்தது.

அந்த மலைக்கு அந்த மண்ணின் மொழியில் பெயர் வைத்தவர்களின் பிள்ளை ஒருவர்தான் அதன் உச்சியில் நின்ற முதல் மனிதர். எனக்கு இது தற்செயல் என்று தோன்றவில்லை. அந்தக் குளிரில் உடம்பைக் காப்பதற்கு என்ன தெரியவேண்டுமோ அதை அவருக்குக் கற்பித்தது அவருடைய அம்மா.

இங்கே நிறுத்திவிட்டால் நீங்கள் கேட்டுப் பழகிய சிகரக் கதையாகிவிடும். கீழே இறங்குவோம்.

அடிவார முகாமில் ஜானி. இரண்டு வாரம் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. மூன்றாவது வாரமும் போனது. நான்காவதும் போனது. கரடி நடமாடும் காடு. மேலே புயல் புரள்வது கீழேயிருந்து தெரியும்; போனவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது தெரியாது. தேடிப் போகத் தனியாளால் முடியாது. விட்டுவிட்டுக் கிளம்பவும் அவன் நினைக்கவில்லை. மலையாடுகளையும் கரிபூவையும் சுட்டு, தனக்கும் நாய்களுக்கும் பசியாற்றிக்கொண்டு, முகாமைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, 31 நாள் அங்கே இருந்தான். முதிர்ந்த ஆட்களே தனிமையில் புத்தி பேதலித்த கதைகள் துருவப் பயணங்களில் எத்தனையோ உண்டு. இவன் பள்ளிக்கூடப் பையன்.

அவர்கள் களைத்துக் கறுத்து இறங்கிவந்து சேர்ந்தபோது ஜானி ஒன்றை எடுத்து வைத்தான். சர்க்கரை. அவன் பங்குக்கென்று முகாமில் விட்டுப்போன சர்க்கரையும் பாலும். மேலே சர்க்கரை எரிந்துபோனது அவனுக்குத் தெரியும். அதனால் அந்த மாதம் முழுக்க அவன் அதைத் தொடவில்லை. இனிப்பென்றால் உயிரை விடும் வயது. திரும்பி வருவார்களா என்றே தெரியாதவர்களுக்காக, வருவார்கள் என்று வைத்துக்கொண்டு, எடுத்து வைத்திருந்தான்.

தம்பிகளே, தங்கைகளே, உச்சியில் நின்ற கணத்தைவிட எனக்கு இதுதான் பெரிது. கொஞ்சம் யோசித்தே எழுதுகிறேன், உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. மேலே ஏறுகிறவருக்கு ஒவ்வோர் அடியும் ஒரு பலனைக் காட்டும். நேற்றைக்கு அங்கே இருந்தோம், இன்றைக்கு இங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். காத்திருப்பவருக்கு அளவுகோல் எதுவும் இல்லை. பத்தாம் நாளும் இருபதாம் நாளும் ஒரே மாதிரி இருக்கும். அந்த வெறுமையில் தன் வாயைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் தேநீருக்குச் சர்க்கரை சேர்த்துவைக்க ஒரு மனம் வேண்டும். பனிக்கோடரி பிடிப்பதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

செய்தி தந்தியில் போனதும், ஆர்ச்டீக்கன் ஸ்டக் சிகரத்தை வென்றார் என்ற விதத்தில்தான் வெளியுலகம் அதை எடுத்துக்கொண்டது. தலைப்புக்கு ஒரு பெயர் போதும். பெரிய பதவியில் இருப்பவர் பெயராக இருந்தால் இன்னும் வசதி. படி வெட்டிய கார்ஸ்டன்ஸுக்கு இது ஆறவேயில்லை. இருவருக்கும் இடையே மனக்கசப்பு மூண்டு உறவே முறிந்துபோனது. ஸ்டக் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1914-இல் அவர் வெளியிட்ட நூலில் உச்சியில் முதலில் கால்வைத்தவர் வால்ட்டர்தான் என்பதை ஒளிக்காமல் எழுதினார். ஜானியின் சர்க்கரையைப் பற்றி எழுதினார். மலைக்கு அதன் பழைய பெயரைத் திருப்பித் தரவேண்டும் என்று நூலின் வாசலிலேயே முறையிட்டார். இருந்தும் என்ன? உள்ளே எழுதியது உள்ளேயே இருந்தது, அட்டையில் இருந்த பெயர்தான் ஊரெல்லாம் போனது.

வால்ட்டர் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். தன் மக்களுக்கு மருத்துவராகத் திரும்பிவர வேண்டும் என்பது எண்ணம். 1918 செப்டம்பரில் பிரான்சஸ் வெல்ஸ் என்ற செவிலியரை மணந்தார். அடுத்த மாதம் இருவரும் பிலடெல்பியாவுக்குக் கிளம்பி, ஸ்காக்வே துறைமுகத்தில் பிரின்சஸ் சோஃபியா கப்பலில் ஏறினார்கள். பனிப்புயலில் கப்பல் வாண்டர்பில்ட் பாறையில் மோதி நின்றது. மீட்கப் படகுகள் வந்தும் கடல் கொந்தளிப்பால் நெருங்க முடியவில்லை. அக்டோபர் 25 அன்று கப்பல் மூழ்கியது. 340-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு நாய் மட்டும் கரை சேர்ந்தது. வால்ட்டரும் பிரான்சஸும் ஜூனோ நகரில் பக்கத்தில் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இறந்தபோது வால்ட்டருக்கு 25 வயது.

ஜானி வளர்ந்து ஜான் ஃப்ரெட்சன் ஆனார். அவர் குவிச்சின் என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். 1923-இல் எட்வர்ட் சப்பீர் என்ற புகழ்பெற்ற மொழியியலாளருக்கு எதிரே உட்கார்ந்து, தன் மக்களின் கதைகளைத் தன் மொழியில் சொல்லிப் பதியவைத்தார். அவை பின்னால் நூலாக வந்தன. 1930-இல் டென்னசியின் செவானீ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அலாஸ்காவின் பூர்வகுடிகளில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று அவரைச் சொல்கிறார்கள். ஊருக்குத் திரும்பினார். வெனிட்டி பகுதியின் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் தன் மக்களின் கையைவிட்டுப் போகாதபடி முன்னின்று போராடி, 1943-இல் அதைக் காப்புநிலமாக அறிவிக்கவைத்தார். 1945-இல் இறந்தார். வெனிட்டியின் பள்ளிக்கு அவர் பெயர். காத்திருக்கத் தெரிந்த பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள் என்பதால் சொன்னேன்.

இன்னும் ஒரு ஜூன் 7 உண்டு. அது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது இமயத்தில் நடந்தது.

டெனாலிக்குச் சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, 1922 ஜூன் 7. எவரெஸ்டின் வடக்குக் கணவாய்க்குக் கீழே, புதுப்பனி விழுந்த சரிவில் மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்ட் என்ற மூன்று ஆங்கிலேயரும், அவர்களுக்குப் பின்னால் கயிறுகளில் 14 சுமைதூக்கிகளும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பனிச்சரிவு வந்தது. ஆங்கிலேயர் மூவரும் பிழைத்தார்கள். சுமைதூக்கிகளில் ஒன்பது பேர் பனிச்சுவருக்குக் கீழே அடித்துச் செல்லப்பட்டார்கள். இருவரைத் தோண்டி உயிரோடு எடுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். எவரெஸ்ட் தொடர்பான நூல்களில் மல்லோரியின் காலணி ஆணி வரைக்கும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்த ஏழு பேருக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லை அந்த நாள் விடவேயில்லை. செத்தவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள்தானே, எங்களில் ஒருவனாவது அவர்களோடு ஏன் போகவில்லை என்று அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அப்போதைய திருவிதாங்கூரில், இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்துக்கிடக்க, அறுவைசிகிச்சை செய்ய ஆளில்லாமல் தவிப்பதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே தங்கிவிடுவதென்று தீர்மானித்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் குப்பி இல்லாமல் 8,500 மீட்டரை எட்டும் உயரம் வரைக்கும் ஏறினார். அந்தப் பயணத்தில் மேலே சிக்கிக்கொண்ட நான்கு சுமைதூக்கிகளை மீட்கப் போனவர்களில் அவரும் ஒருவர். கயிறு எட்டாத கடைசி அடிகளில் வழுக்கியவர்களை எட்டிப் பிடித்து இழுத்தார். பிறகு நெய்யூரில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு, அதன்பின் வேலூர் மருத்துவக் கல்லூரி. அந்தப் பனிச்சரிவுதான் அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஏழு பேர் இறந்ததை மறக்கத் தெரியாத ஒரு மனிதர், வரிசையில் காத்துக்கிடந்தவர்களைக் கடந்து போகவும் தெரியாதவராக இருந்தார். நாகர்கோவில் பக்கம் போகும்போது அந்த மருத்துவமனையைப் பாருங்கள்.

நீங்கள் அடுத்த மாதம் மறுபடி கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். போய் வாருங்கள். ஒரு கிழவனின் வேண்டுகோளாகச் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுமையைத் தூக்க வருபவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று முதல் நாளே பாருங்கள். அவர் முதுகில் ஏறுவது எத்தனை கிலோ என்று, வெட்கப்படாமல், தூக்கிப் பாருங்கள். இரவில் அவர் எங்கே படுக்கிறார், எதைப் போர்த்திக்கொள்கிறார் என்று கேளுங்கள். பயண ஏற்பாட்டாளர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். மேலே ஒருவர் முடியாமல் திரும்பினால் அவரோடு கீழே வருபவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே பேசிவையுங்கள். வந்தபின் படம் போடும்போது, உச்சியில் கொடி பிடித்த படத்துக்கு முன்னால் அடுப்பு எரிந்த கூடாரத்தின் படத்தைப் போடுங்கள். 'சிகரத்தை வென்றோம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். நம் மொழியில் 'ஏறினோம்' என்று அழகான, உண்மையான சொல் இருக்கிறது.

திரும்பிவந்து நூலக மாடியில் கூட்டம் போட்டால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். பின்வரிசையில்தான் இருப்பேன். அதே கேள்வியைத்தான் கேட்பேன். பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள். அந்த அண்ணன் தன் தேநீருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறார் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பழைய புவியியல் ஆசிரியர்